சவுரியம்மா சொன்ன ஆறு வருஷம்

உபகாரமேரி என்ற பெயரைச் சவுரியம்மா முதன்முதலில் கேட்டது வெள்ளிமலையில், தன்னைப் பெண் பார்க்க வந்த அன்று. மாப்பிள்ளை இன்னாசிக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அவர் அப்பனுக்கும் பிடித்திருந்தது. ஆனாலும் ஒருவரும் வெற்றிலைத் தட்டைத் தொடவில்லை. "எங்க உபகாரமேரி வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்" என்று உட்கார்ந்திருந்தார்கள். களமருதூரில் வாழ்க்கைப்பட்ட இன்னாசியின் அக்கா அவள். வழியில் ஜீப் நின்றுபோய், கடைசி நாலு மைல் மலையை நடந்தே ஏறி வந்தாள். வந்தவள் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ப்புக் காய்த்திருந்தது. "இது நம்ம வூட்டுப் பொண்ணு" என்றாள். கல்யாணம் முடிவானது.

அந்த நாத்தனாருக்குத்தான் சவுரியம்மா கெடுதல் செய்தாள். செய்தபோது நல்லதாகத்தான் தெரிந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு களமருதூருக்கு ஆதார் எடுக்க வந்தார்கள்; சவுரியம்மாவும் அண்ணியோடு வரிசையில் நின்றாள். உபகாரமேரியின் புருஷன் அப்போது லாரியில் அடிபட்டுப் படுத்த படுக்கை. நடவுக்குப் போய்த்தான் அவள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். முதியோர் பணத்துக்கு அறுபது ஆக வேண்டும் என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். வயசு கேட்டபோது அவள் வாய் திறப்பதற்குள் சவுரியம்மா முந்திக்கொண்டு, "அண்ணிக்கு அறுவது சார்" என்றாள். ஐம்பத்து நாலு அறுபதானது. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் போடுகிற ஜனவரி ஒன்று அவளுக்கும் விழுந்தது. திருநாவலூரில் கட்டிக்கொடுத்த கூடப்பிறந்த அக்காவுக்கே காகிதத்தில் அவள் மூத்தவளாகிவிட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் அந்தச் சிரிப்பு செத்தது. உபகாரமேரியின் மகள் நான்சி ஜெர்மனியில் நர்ஸ். தலைப்பிரசவம். மருமகன் ஜோஸ்வாவுக்கு வேறு ஊரில் வேலை. "அம்மா, நீ வந்துடு" என்று போனில் அழுதாள். பாஸ்போர்ட் இருந்தது. விசாவுக்குப் பயண இன்சூரன்ஸ் வேண்டும் என்றார்கள். அவளும் சவுரியம்மாவும் கள்ளக்குறிச்சியில் வீரமணியின் விமான டிக்கெட் கடைக்குப் போனார்கள்.

வீரமணி பாஸ்போர்ட்டைப் புரட்டினான். "எழுவத்திரண்டா? எழுவது தாண்டிட்டா ரேட்டு ஜாஸ்திம்மா. ரத்தம், ஈசிஜி, ஓடுற மெஷின் டெஸ்ட்டு, எல்லாம் எடுத்துக்கினு வரணும். பிரஷர் மாத்திரை வேற சாப்புடுறீங்க. அதால வர்ற செலவுக்குக் கம்பெனி பொறுப்பில்ல."

"அப்ப இன்னாத்துக்குய்யா பணம் வாங்குறீங்க?" என்றாள் சவுரியம்மா. "அண்ணிக்கு அறுவத்தாறுதான். நான்தான் அன்னிக்கி வாய்க்கொழுப்புல ஏத்திச் சொல்லிட்டேன்."

மறுநாளே கோயிலில், பிறந்த வருஷம் போட்ட ஞானஸ்நானச் சீட்டு எழுதி வாங்கிப் போய் நீட்டினாள். அவன் கையில்கூட வாங்கவில்லை.

"பாஸ்போர்ட்டுல இருக்கிறதுதான் வயசு. மொதல்ல ஆதார மாத்தணும், அப்பால பாஸ்போர்ட்ட. மூணு நாலு மாசம் ஆவும்."

பிரசவத்துக்கு ஏழு வாரம் இருந்தது.

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். தியாகதுருகம் தாண்டியதும் உபகாரமேரி வாயைத் திறந்தாள். "சவுரி, என் பொண்ணு வலி எடுத்து அம்மான்னு கத்தறப்ப பக்கத்துல யாருடி நிப்பாங்க? நீ சொன்ன ஆறு வருஷமா வந்து நிக்கும்?"

சவுரியம்மாவுக்குத் தன் வாயின் மேல் ஆத்திரம். அதைவிட அந்தக் காகிதத்தின் மேல் ஆத்திரம். ஐம்பத்து நாலில் பசித்தவளைப் பார்த்து, அறுபது ஆனால் வா என்றது அதுதான். இப்போது எழுபது தாண்டிவிட்டாய், போ என்பதும் அதுதான்.

டெஸ்ட்டுக்கு அலைந்தே மூன்று வாரம் போனது. மலையை நடந்தே ஏறியவளை மெஷின் மேல் ஏற்றி ஓடவிட்டு, மூச்சு வாங்குகிறதே என்றார்கள். இன்னொரு முறை வரச் சொன்னார்கள். கடைசியில் கம்பெனி முடியாது என்றது.

அப்போதுதான் நான்சியோடு வேலை செய்கிற ஒருத்தி அவளுக்குச் சொன்னாளாம்: வருகிற பெற்றோருக்கு அங்கிருந்தே இன்சூரன்ஸ் போடலாம், எழுபத்தைந்து வரை டெஸ்ட் கேட்காத கம்பெனி இருக்கிறது, வீரமணி சொன்னதில் பாதிதான் ஆகும். நான்சி ஒரே சாயங்காலத்தில் போனிலேயே போட்டு முடித்தாள்.

சவுரியம்மா நேராகக் கடைக்குப் போனாள்.

"அங்கியே போடலாம்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. நீங்க கேக்கல. எங்களுக்கு அதுல கமிஷனும் இல்ல."

"உன்னப் பெத்தவ இருக்காளா?"

"இருக்காங்க."

"எழுவது ஆவறதுக்குள்ள எங்கனா கூட்டிக்கினு போயிடு. அப்பால உன்ன மாதிரி ஒருத்தன்கிட்டதான் அவ வந்து நிக்கணும்."

கடையிலிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

விசா கைக்கு வந்தபோது குழந்தை பிறந்து பதினொரு நாள். நான்சி பக்கத்தில் யாருமில்லாமலே பெற்றெடுத்திருந்தாள். ஏர்போர்ட்டில் உபகாரமேரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். சவுரியம்மாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சவுரியம்மா தூக்கி வந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உபகாரமேரி இப்போது ஜெர்மனியில், மகள் வீட்டு மூன்றாவது மாடிக்குத் தினமும் நடந்தே ஏறுகிறாள்.