பொடிசுக்குப் போட்ட ஸ்வெட்டர்

என் தங்கை வீட்டில் உட்கார வேண்டுமென்றால் முதலில் நாற்காலியைத் தடவிப் பார்க்க வேண்டும். ஊசி இருக்கும். குத்துகிற ஊசி இல்லை, முனையில் கொக்கி வைத்த குரோஷா ஊசிதான், ஆனாலும் அதன்மேல் உட்கார்ந்தால் உயிர் போய்விடும். சோபா இடுக்கில் ஒரு பை, அரிசி டின்னுக்கு மேலே ஒரு பை, வாஷிங் மெஷின் தலையில் ஒரு பை. ஒவ்வொரு பைக்குள்ளும் யாருக்கோ ஏதோ பாதியில் நிற்கும். யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தைக்குத் தொப்பி, யாரோ ஒரு பெரியவருக்கு மப்ளர், யாரோ கட்டிய புது வீட்டுக்கு மேசைவிரிப்பு. அவளுடைய சொந்தச் சாப்பாட்டு மேசையில் பழைய பிளாஸ்டிக் விரிப்புதான் கிடக்கிறது.

நான் மூத்தவள். அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன். ஒரே கட்டடத்தில் நான் கீழ்த்தளம், அவள் மாடி. அதனால் அந்த வீட்டில் நடக்கிற எதுவும் என் கண்ணுக்குத் தப்புவதில்லை. பார்த்துவிட்டால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் எனக்குத் தெரியாது.

சின்னவளுக்கு வேலை ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், முன் மேசையில். காலையில் சமைத்து, தனக்கும் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் டப்பா கட்டி, தண்ணீர் பிடித்து வைத்து, தலையை வாரியும் வாராமலும் ஓடுவாள். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் வெறும் வயிற்றோடு வந்திருப்பார்கள். பசி, பயம், இரண்டையும் சேர்த்து இவள் தலையில்தான் இறக்குவார்கள். பேரைக் கேட்டு, சீட்டை ஒட்டி, குப்பியை உள்ளே அனுப்பி, ஆள் குறைகிற இடைவெளியில் மேசைக்குக் கீழே மடியில் பின்னல் ஓடும். பின்னலை எண்ணியபடியே, தலை நிமிராமல், "அடுத்தவங்க வாங்க" என்பாள். உல்லன் அக்கா என்றால்தான் அங்கே எல்லாருக்கும் அவளைத் தெரியும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர். அவரோடு வேலை பார்க்கிற ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, இவள் சும்மா ஒரு ஜோடி காலுறை போட்டுக் கொடுத்தாள். பார்த்தவர்களெல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். அடுத்த குழந்தைக்குக் கடையில் வாங்கிக் கொடுத்தபோது அந்த வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களாம். அவங்களுக்குக் கையால போட்டது, எங்களுக்குக் கடைச் சாமானா? அதோடு மாட்டிக்கொண்டாள். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுக்காவிட்டால் மரியாதைக் குறைவு. அவள் வீட்டுக்காரர் தங்கமான மனிதர், வாரி வழங்குகிற குணம். வழங்குவதெல்லாம் அவள் கையால் என்பதுதான் கோளாறு.

இத்தனை வேலையையும் ஒரே சமயத்தில் இழுக்க அவள் ஒரு முறை வைத்திருந்தாள். ஒரு பைக்கு ஒரு வேலை, ஒரு ஊசி. அந்த ஊசி அந்தப் பையை விட்டு வெளியே வரக்கூடாது. ஊசித் தடிமன் அரை மில்லிமீட்டர் மாறினாலும் அளவு மாறிவிடும், அக்கா, எண்ணிக்கை சரியா இருந்தும் சட்டை சின்னதாயிடும் என்பாள். என்னை எதையும் தொட விடமாட்டாள். நான் தொட்டுத்தான் என்ன ஆகப்போகிறது, எனக்குப் பொத்தான் தைக்கவே வராது.

அவளுக்கு ஒரே மகள். பொடிசு என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம், இப்போது அவள் வாசல் நிலைக்குக் குனிந்து வருகிறாள், ஆனாலும் பொடிசுதான். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து போட்டுக்கொண்டது எல்லாமே மிச்சம். அளவு தப்பிப்போனது, நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தது, வாங்க வேண்டியவர் கோபித்துக்கொண்டு வாங்காமல் விட்டது, எல்லாம் இவளுக்கு. இவளுக்கோ கை நீளம். எதைப் போட்டாலும் மணிக்கட்டும் அதற்கு மேலே கொஞ்சமும் வெளியே நிற்கும். ஒரு நாளும் முணுமுணுத்தது கிடையாது. நானாக இருந்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன்.

போன வருடம் பொடிசுக்கு வேலை கிடைத்தது. மலை மேலே ஓர் அணைக்கட்டில், தண்ணீர் மட்டம் அளக்கிற அலுவலகம். வருடம் முழுக்கக் குளிராம். அன்று எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ கேட்பதுபோல், "அம்மா, எனக்குன்னு ஒண்ணு போட்டுத் தரியா? கை முழுசா மூடற மாதிரி," என்றாள்.

சின்னவள் கையைக்கூடக் கழுவவில்லை. இடது கையால் அளவு நாடாவை எடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே எழுப்பி நிறுத்தித் தோளிலிருந்து மணிக்கட்டுவரை அளந்தாள். ஒருமுறை அளந்து, நம்பாமல் மறுபடியும் அளந்தாள். இத்தனை நீளமாடி உனக்கு என்றாள். பெற்ற பெண்ணின் கை நீளம் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

கரும்பச்சையில் நல்ல நூலாக வாங்கினாள். பொடிசு வேலைக்குக் கிளம்புகிற நாளுக்குள் முடித்துவிட வேண்டும், அதுவரை யார் கேட்டாலும் எதுவும் கிடையாது என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அத்தனை மகிழ்ச்சி. முதுகுப்புறம் முடிந்தது, முன்புறம் இரண்டும் முடிந்தன, வலது கையும் முடிந்தது. அந்த வலது கையை எடுத்துவந்து என்னிடம் காட்டினாள். எவ்வளவு நீளம், எவ்வளவு சீரான பின்னல். அவள் போட்டதிலேயே அதுதான் நல்ல வேலை என்று இப்போதும் சொல்வேன்.

அப்போதுதான் சின்னவளின் நாத்தனார் போன் செய்தாள். அவள் வீட்டுக்காரரின் தங்கை, ஒரே தங்கை, செல்லத்துக்குக் கேட்க வேண்டாம். கல்யாண நாளைப் பெரிதாகக் கொண்டாடப்போகிறாளாம். வருகிறவர்களுக்கெல்லாம் கையில் நூலில் பின்னின ஒரு சின்னப் பை கொடுத்தனுப்பினால் எவ்வளவு அழகாக இருக்கும், அண்ணி கையில் அதெல்லாம் ஒரு வேலையா என்று அண்ணனிடம் நூல் விட்டுப் பார்த்தாள். அண்ணன்காரர் வாயெல்லாம் பல்லாக, அதுக்கென்னம்மா, போட்டுட்டா போச்சு என்று சொல்லிவிட்டார். சின்னவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

போனை வைத்ததும் அவள் சொன்னாள், "என்னால முடியாதுங்க. புள்ளைக்குச் சட்டை பாக்கி இருக்கு."

"அதான் முக்காவாசி முடிஞ்சிருச்சே. ஒரு கைதானே பாக்கி," என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை, கோபப்பட்டிருந்தால்கூட சண்டை போட்டிருக்கலாம். ஆசையா கேட்கிறா அக்கா, எப்படி இல்லைங்கறது என்று சிரித்தார். அப்படிச் சிரிக்கிற மனிதரை என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். கீழே வந்து பாத்திரங்களை நங்குநங்கென்று வைத்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பார்க்கவே சகிக்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும், இவள் நின்றபடியே பை பின்னுவாள். பஸ்ஸில் பை, பரிசோதனை நிலையத்தில் பை, துணி காயப்போடப் போகும்போது தோளில் பை. கட்டைவிரல் அடி வீங்கிவிட்டது. ஊசி பிடிக்க வலிக்கிறது என்று ஊசிகளின் தண்டில் துணி நாடாவைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டாள். ஸ்வெட்டர் ஊசிக்கும் ஒரு சுற்று, பை ஊசிக்கும் ஒரு சுற்று. பை ஊசி நல்ல மெல்லிசு, ஆனால் சுற்றியபின் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன.

ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், வேலையிலிருந்து வந்தவள் மாடி ஏறாமல். கேட்டதற்கு, மேலே போனால் வேலை இருக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தலையையா வாங்கிவிடுவார்கள் என்று திட்டினேன். அவள் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு முட்டுதுக்கா," என்றாள். "எல்லாரும் எம்மேல பிரியமாத்தான் இருக்காங்க. அதான் பயமா இருக்கு. போடறத நிறுத்திட்டா அந்தப் பிரியம் இருக்குமான்னு தெரியல."

அபத்தமாகப் பேசாதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சொன்னது அபத்தம் என்று எனக்கே நிச்சயமாகத் தோன்றவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டு மேலே போனாள்.

நாத்தனாரின் பைகள் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் பொடிசு கிளம்புகிற நாளும் நெருங்கிவிட்டதால் கடைசிக் கட்டத்தில் அவள் தன் முறையையே மீறியிருக்கிறாள். பை வேலையையும் ஸ்வெட்டரின் இடது கையையும் ஒரே பையில் போட்டு நிலையத்துக்குக் கொண்டுபோய், மேசைக்குக் கீழே இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டாள். முடித்துவைத்த வலது கை வீட்டில் இருந்தது, பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வீங்கின விரலுக்கு ஊசியின் கனமும் தெரியவில்லை. எண்ணிக்கையை மட்டும் நம்பினாள். எண்ணிக்கை ஒன்றுகூடத் தப்பவில்லை.

பொடிசு கிளம்புகிற அன்று காலை நான் மேலே போனபோது சின்னவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள். வலது கை பெண்ணுடைய கைபோல நீளமாகக் கிடந்தது. இடது கை அதைவிடக் குட்டை, அகலமும் குறைவு, பத்து வயதுப் பிள்ளைக்குப் போட்டதுபோல இருந்தது. நாடா சுற்றிய இரண்டு ஊசிகளையும் கையில் வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கை முழுவதையும் பை ஊசியிலேயே போட்டிருக்கிறாள்.

பிரித்து மறுபடி போட நேரமே இல்லை. வாசலில் பெட்டி கட்டி வைத்தாகிவிட்டது. நூல்தானே, இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும் என்று அவளாகவே சொல்லிக்கொண்டு அந்தக் கையைத் தோளோடு வைத்துத் தைத்தாள். தோள் சுற்றளவுக்கு எட்டாததை இழுத்து இழுத்துத் தைத்தாள். அவள் இழுத்த இழுப்பைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பொடிசு வந்து போட்டுக்கொண்டாள். வலது கை மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கை தொடங்குகிற இடம்வரை வந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் இடது கையை நுழைத்தாள். அது முழங்கையில் சிக்கியது. மெல்லத் திருகி மேலே ஏற்றினாள், பாதி முன்கையோடு நின்றுவிட்டது. அவள் அப்பா பெட்டியைத் தூக்கப் போனவர் அப்படியே நின்றார்.

பொடிசு குனிந்து, நன்றாக இருந்த வலது கையை மடித்துவிட ஆரம்பித்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, இடது கை நின்ற இடத்துக்குச் சரியாக வரும்வரை மடித்தாள்.

"பரவால்லம்மா. எனக்குப் பழக்கம்தானே," என்றாள்.

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் சின்னவள் தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

"கழட்டிக் குடு. இங்க வச்சிட்டுப் போ. அந்தக் கையை மட்டும் பிரிச்சுப் போட்டு அனுப்பிடறேன்," என்றாள் சின்னவள்.

பொடிசு ஸ்வெட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா. இங்க வச்சா வேற யாருக்காவது போயிடும். இது எங்கிட்டயே இருக்கட்டும்."

பஸ் நிலையத்தில் எங்களுக்குக் கையாட்டினபோதும் அதைத்தான் போட்டிருந்தாள், அந்த வெயிலில். இரண்டு மணிக்கட்டும் வெளியே தெரிந்தன. பஸ் திரும்புகிறவரை சின்னவள் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது அவள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மகள் சொன்னது அவருக்கும் உறைத்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் அடித்தது. நாத்தனார். விழா பிரமாதமாம், பைகளை எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். கடைசியில் வந்த சிலருக்குக் கிடைக்காமல் போய்விட்டதாம், மனசு கஷ்டப்படுகிறார்களாம். இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று அவள் இழுப்பது எனக்கே கேட்டது. அவர் எப்போதும்போல அதுக்கென்னம்மா என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

"நீயே சொல்லும்மா. உனக்கு என்ன தோணுதோ சொல்லு," என்றார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

சின்னவள் போனை வாங்கிக்கொண்டாள். சொல்லுடி, சொல்லித் தொலைடி என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் நாத்தனார், அண்ணி, அண்ணி, இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தொண்டையைச் செருமினாள்.

"என்ன கலர்ல வேணும்?" என்று கேட்டாள்.

நான் கழற்றாத செருப்போடு கீழே இறங்கிவிட்டேன். அங்கேயே நின்றிருந்தால் அவளை அடித்திருப்பேன், இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.