இல்லாத முழங்கால் வலி

குடியை விட்டதற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை. போயா எனும் பௌர்ணமி விடுமுறையில் சாராயக் கடைகள் பூட்டியிருக்கும் என்பது குடிக்கிற எவனுக்கும் தெரியும். முதல் நாளே வாங்கி வைத்துவிடுவான். ஒரு போயாவுக்கு வாங்கி வைக்க மறந்துபோனேன். எங்கள் ஊர் வத்தேகமயில் கள்ளத்தனமாக விற்கும் வீடு எனக்குத் தெரியும். ஆனால் அன்று முழுநாளும் மழை. போகச் சோம்பலாக இருந்தது. நடுங்கிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். மறுநாள் வேலை முடிந்து கண்டியில் வழக்கமான கடைக்குப் போனபோது வரிசை தெருவரை வந்திருந்தது. நிற்க மனமில்லாமல் திரும்பினேன். அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

வீட்டில் சொல்லவில்லை. முன்பு இரண்டு தடவை விட்டுவிட்டதாக அறிவித்திருந்தேன். இரண்டாவது தடவை மாதா கோயில் திருவிழாவில் மெழுகுதிரி ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டு, சுற்றுப்பிரகார ஊர்வலம் கிளம்புவதற்குள் பந்தலுக்குப் பின்னால் போய்க் குடித்திருந்தேன். அதனால் இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். யார் முதலில் கண்டுபிடிப்பார்கள் என்று பார்க்கவும் ஆசை இருந்தது.

முதலில் மாறியது காலைப்பொழுது. பல் தேய்க்கும்போது குமட்டவில்லை. சவரம் செய்து முடித்த பிறகு தாடையில் காகிதத் துண்டு ஒட்ட வேண்டியிருக்கவில்லை. சட்டைப் பொத்தான்கள் ஒரே தடவையில் துளைக்குள் போயின. பாணும் பருப்பும் சாப்பிட்டபோது, பருப்பில் கறிவேப்பிலை வேறாகவும் ரம்பை இலை வேறாகவும் நாக்கில் தெரிந்தது. நான் கண்டியில் ஓர் இரும்புச் சாமான் கடையின் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். முன்பு பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளை வாசித்துத் திருகாணி எடுத்தாலும் அளவு பிழையாகும். இப்போது விரலால் தொட்டே அளவு சொல்ல முடிந்தது. நாட்குறிப்பும் ஒழுங்காயிற்று. குடித்த காலத்திலும் நான் தினமும் எழுதியவன்தான். ஆனால் அந்தக் குறிப்புகளில் காலையில் எழுதிய வரிகளை மட்டுமே இப்போது வாசிக்க முடிகிறது.

இந்த அளவோடு நின்றிருந்தால் நல்லது. கண் தெளிந்தால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வத்தேகம பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். வசதியாகக் காலை நீட்டிக்கொண்டு போவேன். அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். விட்ட சில நாட்களில் அந்த இருக்கையில் ஆட்கள் உட்காரத் தொடங்கினார்கள்.

வீட்டில் என் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பாத்திரமும் இல்லை என்பதைக் கவனித்தேன். கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் அலுமாரியின் உச்சியில் இருந்தன. மற்றவர்களுக்கு மரக் கதிரை, எனக்கு மட்டும் கழுவக்கூடிய பிளாஸ்டிக் கதிரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மெத்தையைத் திருப்பிப் போட்டபோது, விரிப்புக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் இருந்தது. குழந்தைகளுக்குப் போடுவார்களே, அது. நடுவில் தேய்ந்து வெளிறிப்போயிருந்தது. எத்தனை வருடமாக அதன்மேல் படுத்திருந்தேனோ. விரிப்பை முன்பு இருந்தபடியே இழுத்துவிட்டேன்.

நான் விட்டதை மனைவி கண்டுபிடிக்கவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. வாசனை தெரியும் தூரத்துக்கு அவள் வருவதே இல்லை. நானும் பழைய நேரத்துக்கே வீட்டுக்கு வந்தேன். சாராயக் கடையில் கழித்த பொழுதைக் கண்டி வாவியைச் சுற்றி நடந்து கழித்தேன். நடந்த களைப்பில் பிளாஸ்டிக் கதிரையில் விழுந்து கண்ணை மூடுவேன். வேறுபாடு எவருக்கும் தெரியவில்லை.

அப்படி ஒரு மாலை நான் கண்ணை மூடியிருந்தபோது, மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேச மனைவியின் அண்ணன் வந்தார். அவர் கலஹாவில் கடை வைத்திருக்கிறார். மாப்பிள்ளை கடுகண்ணாவையில் பேக்கரி வைத்திருக்கும் குடும்பம். கல்யாணம் பூசையோடு கோயிலில், பிறகு மண்டபத்தில் விருந்து. மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவே நாலு அடி இருக்கும்.

“இவரு இருக்காரே” என்றாள் மகள்.

“இருந்தா என்னா?” என்றார் மச்சான். “காலையில எந்திரிச்சா பேரே ஞாபகம் இருக்காது. நீ பேசு.”

“கோயில்ல என்னைய கூட்டிட்டுப் போறது யாருன்னு பாதர் கேட்டாரு.”

கோயில் வாசலிலிருந்து பீடம் வரை மணப்பெண்ணைக் கைகோத்து அழைத்துப் போவது அப்பாவின் வேலை. அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு கோட்டுக்கு அளவு கொடுக்கலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மாமாவே கூட்டிட்டுப் போங்க” என்றாள். “அப்பா கையப் புடிச்சிட்டுப் போய் பாதி வழியில விழுந்துட்டாருன்னா, கவுனோட நான்தான் குனிஞ்சு தூக்கணும்.”

மனைவி சிரித்தாள். வெகுநாட்களாக நான் கேட்காத சிரிப்பு. “மாப்பிள்ள வீட்ல என்னா சொல்றது?”

“நான் சொல்லிட்டேன்” என்றார் மச்சான். “அவருக்கு முழங்கால் வருத்தம், நடக்க ஏலாதுன்னு. பாவம், மாப்பிள்ளையோட அப்பா, என்னா எண்ணெய் பூசுறாருன்னு வேற கேட்டாரு.”

கண்ணைத் திறக்காமல் இருப்பது சுலபமாகத்தான் இருந்தது. அதில் எனக்கு நல்ல பழக்கம்.

மறுநாள் காலை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே மனைவியிடம், “என் முழங்கால் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

அவள் கையிலிருந்த பாணை மேசையில் வைத்தாள். “யாரு சொன்னது?”

“நேத்து நீங்க மூணு பேரும் பேசினீங்க. நான் குடிச்சிருக்கல. போன மாசம் போயாவோட விட்டுட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவள் முகத்தில் வந்தது கோபம்.

“அப்ப இவ்வளவு நாளும் ஒட்டுக் கேட்டுக்கிட்டுதான் உக்காந்திருந்தீங்களா?”

“ஒட்டுக் கேக்கல. அங்கதானே உக்காந்திருந்தேன்.”

“உங்க முன்னாடி எல்லாத்தையும் வாய்விட்டுப் பேசுவேன். உங்களப் பத்தியும் பேசுவேன். இனி அதுவும் போச்சு.” பாணை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “எத்தனை நாளைக்கு இந்தத் தடவ?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. பஸ் நேரம் விசாரிப்பதுபோல் கேட்டாள்.

அன்று விரிப்பு மாற்றும்போது ரப்பர் ஷீட்டை எடுத்துவிடலாமே என்றேன். எனக்குத் தெரிந்துவிட்டதே என்று அவள் வெட்கப்படவில்லை. “கல்யாணம் முடியட்டும், பாப்போம்” என்றாள்.

மச்சான் மட்டும் மகிழ்ந்தார். அடுத்த ஞாயிறு வந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்ல செய்தி மச்சான். எனக்கு இருந்த பெரிய தலையிடி போச்சு.”

கோயிலைச் சொல்கிறார் என்று நினைத்து, கோட்டுக்கு அளவு கொடுப்பதைப் பற்றி வாயெடுத்தேன்.

“போத்தல் பொறுப்பு உங்களுக்குத்தான்” என்றார் அவர்.

எங்கள் பக்கத்துக் கல்யாண விருந்துகளில் மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கும். பாதருக்கும் பெண்களுக்கும் தெரியாததுபோல் ஆண்கள் அங்கே போய்க் குடித்துவிட்டு வருவார்கள். சாராயப் பெட்டிகளைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு அளந்து ஊற்ற ஓர் ஆள் வேண்டும்.

“குடிக்கிறவன் கையில தொறப்பக் குடுத்தா, சாப்பாட்டுக்கு முந்தி பெட்டி காலி” என்றார் மச்சான். “குடிக்காதவன வச்சா, யாருக்கு எவ்வளவுன்னு அவனுக்கு வெளங்காது. நீங்க ரெண்டும் தெரிஞ்ச ஆளு. இந்த மலைநாட்டுல தேடினாலும் கெடைக்காது.”

“கோயில்ல?”

“அது சொல்லியாச்சே. இப்ப மாத்தினா நம்ம பொய் சொன்னதா ஆயிடும். பொண்ணு குடுக்கிற எடம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு மட்டும் கொஞ்சம் நொண்டினாப்புல நடங்க மச்சான். உங்களுக்குக் கஷ்டமா என்னா? இத்தன வருஷமா நேரா நடந்தவரா நீங்க?”

மகளிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். ஒரு மாலை இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்ப நேர்ந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் கூட்டிட்டுப் போறேனே மகள்” என்றேன். “நல்லாத்தானே இருக்கேன்.”

“நல்லாத்தான் இருக்கீங்க. சந்தோஷம்தான்” என்றாள். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். “ஆனா கல்யாணத்துக்கு இன்னும் மூணு கிழமை இருக்கு. ஒவ்வொரு நாளும் எழும்பி, இன்னைக்கு அப்பா எப்படி வருவாரோன்னு யோசிக்கணும். சின்னதுல இருந்து அதத்தான் யோசிச்சேன். கல்யாணத்துக்கு முந்தின நாளும் அதையே யோசிக்க எனக்கு ஏலாது. மாமான்னா யோசிக்கத் தேவையில்ல.”

“ஒரு தடவ நம்பிப் பாக்கலாமே.”

“கோயில்ல என் முதல் நன்மைப் பூசைக்கு நம்பினேனே. நீங்க மெழுகுதிரி மேசையோட சரிஞ்சீங்க. என் முக்காடு பத்திக்கிச்சு. ஒரு சிஸ்டர்தான் கையால அமத்தினாங்க.”

“எனக்கு ஞாபகம் இல்ல.”

“தெரியும்” என்றாள்.

கல்யாணத்தன்று நொண்டினேன். இடப்பக்கம் இரண்டாவது வரிசையில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். வாசலிலேயே என் கையைப் பிடித்து மெல்ல அழைத்து வந்து உட்கார வைத்தார். “கொட்டமுத்தெண்ணெய்ய சூடாக்கிப் பூசுங்க, சம்பந்தி” என்றார்.

பாட்டு தொடங்கியது. மச்சான் மகளை அழைத்து வந்தார். புதுச் சப்பாத்து அவரைக் கடித்திருக்க வேண்டும்; வலது காலை உள்பக்கமாகச் சாய்த்து வைத்தார். மகளின் கையுறையில் மணிக்கட்டுப் பக்கம் ஒரு முத்து குறைந்திருந்தது. என்னைக் கடந்தபோது அவள் திரும்பவில்லை. முன்பைப்போல் குடித்துவிட்டு வந்திருந்தால் இவற்றில் ஒன்றும் என் நினைவில் இருந்திருக்காது. எல்லாவற்றையும் பார்த்தேன்; எல்லாமே அப்படியே இருக்கின்றன, மச்சான் பீடத்தின் முன்னால் அவள் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்ததும்.

மண்டபத்துப் பின்னறையில் அடுக்கிய கதிரைகளுக்கு நடுவே எனக்கு ஒரு மேசை. நன்றாக ஊற்றினேன். கை நடுங்கவில்லை, ஒவ்வொரு கோப்பையிலும் ஒரே மட்டம். பழைய கூட்டாளிகள் வந்தார்கள்.

“என்னா மச்சான், மோந்து பாக்கவும் கூடாதா?”

“இவன் ஊத்துற ஊத்தப் பாரு, சொட்டு மருந்து மாதிரி. நீ குடிக்கிறப்ப இந்தக் கஞ்சத்தனம் இல்லையேடா.”

“முழங்கால் வருத்தமாம்ல. முழங்காலுக்கு எறங்கிருச்சா சாராயம்?”

மச்சான் மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை போதும் என்றேன். “உங்க பொண்ணு கல்யாணத்துல எனக்கு அளவு சொல்றீங்களா?” என்று சிரித்துவிட்டு, போத்தலை அவரே எடுத்து ஊற்றிக்கொண்டு போனார்.

குடும்பப் படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல மகளே வந்தாள். கவுனைத் தரையில் படாமல் ஒரு கையால் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. பக்கத்தில் வந்து என் முகத்தருகே குனிந்தாள். முத்தம் தரப் போகிறாள் என்று கன்னத்தைக் காட்டினேன். அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். விளங்கியது. வாயைத் திறந்து, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி மூச்சை விட்டேன்.

“சரி” என்றாள். “வாங்க.”

கதவைத் தாண்டியதும் மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் மேசைகளில் இருந்தார்கள். எந்தக் காலில் நொண்டினேன் என்பது எனக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று.

“வலது கால்” என்றாள் உதடு அசையாமல்.

அவள் என் கையைக் கோத்துக்கொள்ளவில்லை. அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, இடுப்பை என் பக்கம் முட்டுக் கொடுத்துத் தாங்கினாள். நான் எவ்வளவு பாரம், எந்தப் பக்கம் சரிவேன் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரிந்திருந்தது. மண்டபத்தின் நீளம் முழுக்க அப்படியே போனோம். மாப்பிள்ளையின் அப்பா முன்னால் ஓடி வழியிலிருந்த கதிரைகளை ஒதுக்கினார். “பொண்ணுன்னா இப்படி இருக்கணும்” என்று ஒரு பெண் சொன்னது கேட்டது. என் கால்கள் இரண்டும் உறுதியாக இருந்தன. வலதை இழுத்து இழுத்து வைத்தேன்.

அந்தப் படம் முன்னறைச் சுவரில் இருக்கிறது. எல்லோரும் நிற்கிறார்கள். மச்சானின் கண் சிவந்து, கழுத்துப் பட்டி ஒரு பக்கம் போயிருக்கிறது. அவர் மகளின் தோளில் கை போட்டிருக்கிறார். நான் மட்டும் முன்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் முழங்கால் எப்படி என்று விசாரிக்கிறார்கள். எண்ணெய் பூசியதில் நல்ல சுகம் என்கிறேன். மனைவி தேத்தண்ணீர் ஊற்ற உள்ளே எழுந்து போகிறாள்.