பூட்டிய கோயிலும் தலையில்லாத கிறிஸ்தோபரும்

நேற்று, சனிக்கிழமை, லண்டனின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஒரு பழைய கிராமத்துத் தேவாலயத்துக்குப் போய்வந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஊரின் பெயரைப் போடமாட்டேன். போட்டால் நான் எழுதப்போவதற்கு வழக்குப் போடுவார்கள்.

போனது சூசை அண்ணைக்காக. மன்னார்க்காரர், செவன் கிங்ஸில் என் பக்கத்து வீடு, பார்சல் வான் ஓட்டுகிறவர். போன மாரியில் உறைபனியில் வான் சறுக்கி மரத்தில் மோதியது. ஆளுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, காரில் முன் சீட்டில்கூட இருப்பதில்லை. இந்தத் திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும்.

நான்தான் அவருக்கு அந்தக் கோயிலைப் பற்றிச் சொன்னேன். வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் புனித கிறிஸ்தோபர், தோளில் குழந்தை யேசுவோடு ஆற்றைக் கடக்கிறார். பயணம் போகிறவன் கதவைத் திறந்து அவரை ஒருதரம் பார்த்தால் அன்றைக்கு உயிரோடு வீடு திரும்புவான் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. இருபதடி உயரம், கண் நம்மையே பார்க்கும் என்றும் சொன்னேன். நான் நேரில் பார்த்ததில்லை. சைவக்காரன் என்றாலும் கட்டடக்கலையில் எனக்கு ஒரு கண் உண்டு, பார்க்காமலே தெரியும்.

காலை 9.40க்குப் புறப்பட்டோம். பதினொரு மைல், முப்பத்தைந்து நிமிடம். அண்ணை பின் சீட்டில் கண்ணை மூடிச் செபமாலை சொன்னபடி வந்தார். நான் ஓட்டும் அழகுக்கு அது தேவையே இல்லை. கார் நிறுத்தக் காசு இல்லை, கோயில் பார்க்கவும் காசு இல்லை.

கோயில் அழகுதான், அதை மறுக்கமாட்டேன். தீக்கற்களைச் சுண்ணாம்பில் பதித்த சுவர், நாலடி தடிப்பு இருக்கும். பலகை அடித்த சிறிய மணிக்கோபுரம். ஒடுங்கிய ஜன்னல்கள் அம்பு விட வைத்தவை. இல்லையென்று யாராவது நிரூபிக்கட்டும். எல்லாம் சரி, கதவு பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்கும் திறப்பு எதிர் வீட்டில் என்று ஒரு கடதாசி ஒட்டியிருந்தது.

எதிர் வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி கதவைச் சங்கிலியோடு திறந்தார். கூரையின் ஈயத்தகட்டைக் கள்ளர் கழற்றிக்கொண்டு போகிறார்களாம், முன்கூட்டிச் சொல்லாமல் வந்தால் திறப்பு இல்லையாம். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பூசை, அது போன கிழமை முடிந்துவிட்டதாம். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஈயத்தகடு கழற்றுகிறவன் இஸ்திரி போட்ட சட்டையோடா வருவான்? நான் பேசிய ஆங்கிலத்தில் தெருவே அதிர்ந்தது. சங்கிலி மட்டும் கழலவில்லை.

திரும்பி வந்தால் சூசை அண்ணை சப்பாத்தும் காலுறையும் கழற்றி வெளி வாசலில் வைத்துவிட்டு, சரளைக்கல் பாதையில் முழந்தாளில் போய்க்கொண்டிருக்கிறார். மடு மாதா கோயிலில் நேர்த்தி வைத்தவர்கள் போவதுபோல.

"அண்ணை, கதவு பூட்டு. எழும்புங்கோ."

"பூட்டெண்டால் என்ன, வாசல் வரைக்கும் போகேலும் தானே. நீ பேசாமல் நில்."

பாதி வழியில் எதிர் வீட்டுப் பெண்மணி செருப்போடு ஓடிவந்தார், கையில் போன். மனுசன் நெஞ்சுவலியில் விழுந்துவிட்டார் என்று ஜன்னலால் பார்த்து, ஆம்புலன்ஸ் கூப்பிட நிற்கிறார். இது பிரார்த்தனை, விபத்தில் பயந்த மனிதர், திங்கள் வான் ஓட்டவேண்டும் என்று விளக்கினேன். அண்ணை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, போய்க்கொண்டே இருந்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் அவருடைய முழங்காலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாணளவு திறப்பை எடுத்தார். அவ்வளவு நேரமும் பையிலேயே வைத்திருந்திருக்கிறார் பாருங்கள்.

கதவு திறந்தது. எதிர்ச் சுவரில் இரண்டு கால்கள். அவ்வளவுதான். காவி நிறத்தில் கணுக்கால், தண்ணீர், மூன்று மீன். இடுப்புக்கு மேலே எந்தக் காலத்திலோ வெள்ளையடித்துவிட்டார்கள். குழந்தை இருக்கவேண்டிய இடத்தில் எவனோ நிலச்சுவாந்தார் தன் பெயரைச் சலவைக்கல்லில் வெட்டி ஆணியடித்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கல்லைப் பிடுங்கியிருப்பேன், ஏணி இல்லை.

"இருபதடி எண்டு சொன்னாய். கண் பார்க்கும் எண்டு சொன்னாய்" என்றார் அண்ணை.

"படுபாவியள் அழிச்சுப்போட்டாங்கள் அண்ணை. நான் என்ன செய்ய?"

"சரி விடு. கால் தண்ணிக்குள்ள தானே நிக்குது. எனக்கு அது போதும்." கன நேரம் அப்படியே முழந்தாளில் நின்றார். பிறகு எழும்பி என்னிடம் கையை நீட்டினார். "கார்த் திறப்பைத் தா."

போக நினைப்பவர்களுக்கு: திறப்பு வைத்திருப்பவருக்கு முதலே போன் எடுங்கள். முழந்தாளில் போவதென்றால் தடித்த காற்சட்டை போடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அங்கே ஒரு தேநீர்க்கடைகூட இல்லை. திரும்பி வரப் பெரிய வீதி வேண்டாம், உள்வீதியால் வாருங்கள். இருபது மைல் வேகம், பின்னால் ஹோர்ன் அடிப்பவர்களுக்கு நான் ஜன்னலால் கொடுத்த பதில்கள் எல்லாம் சேர்த்து ஒரு மணி பத்து நிமிடம் ஆகும், சூசை அண்ணை ஓட்டினால்.