நாற்பது வினாடிக் குரல்

புதுப்பட்டினம் ஜான்சனுக்குப் பொய் சொல்ல வராது. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். "ஒயர் லூசா கீது, அவ்ளோதான்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற ஆள். பிழைக்கத் தெரியாதவன் என்று அவன் மனைவியே சொல்வாள். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். ராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று தள்ளிவிடலாம். இது நடந்தது பட்டப்பகலில், 2005 சித்திரையில், மாமல்லபுரத்தில்.

வீடு, ஓய்வு பெற்ற வாத்தியார் பட்டாபிராமனுடையது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டதால் அவரும் மனைவி சௌந்தரவல்லியும் மட்டும்தான் அங்கே. ஒரே மகன் கிரிதர் முந்தின வருஷம் ஈசிஆரில் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டான். அன்று காலையில் புது மைக்கைச் சோதித்துப் பார்க்க அவன் பேசிய பேச்சு கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. மொத்தம் நாற்பது வினாடி. "அம்மா, தளிகை ஆச்சா?" என்று சமையலை விசாரித்து ஆரம்பித்து, "சரி, போயிட்டு வரேம்மா" என்று முடியும். தினமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்த அம்மாள் மத்தியானச் சோற்றில் கை வைப்பார்.

ஒன்பது நாளாகக் கேட்க முடியவில்லை. கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. ஜான்சன் உட்கார்ந்து பார்த்தான்.

"ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டு வெச்சிக்கீறீங்க சார். ஒண்ணோட ஒண்ணு அடிச்சிக்கினு கீது."

"மாப்பிள்ளை புதுசா ஒண்ணு அனுப்பினார். அதையும் போட்டேன்" என்றார் பட்டாபிராமன்.

ஒரே உறையில் இரண்டு கத்தி. போதாக்குறைக்கு, அதில் ஒன்று கிரிதரின் குரலையும் வைரஸ் என்று பிடித்துப் பூட்டி வைத்திருந்தது.

சௌந்தரவல்லி கதவருகே வந்து நின்றார். "மத்ததெல்லாம் போனாப் போறது. அதை மட்டும் தொலைச்சுடாதேப்பா. எனக்கு வேற ஒண்ணும் இல்லை."

ஜான்சன் முதல் வேலையாகப் பூட்டைத் திறந்து, அந்தக் குரலை ஒரு சிடியில் எழுதிக்கொண்டான். நீளம் பார்த்தான். நாற்பது வினாடி. சிடி பைக்குள் போயிற்று. மைக்கின் ஒயரை எலி கடித்திருந்தது. கடையில் சரிசெய்து தருவதாகச் சொல்லி, அதையும் பிடுங்கிப் பையில் போட்டான். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆன்டிவைரஸை நீக்கினான். விண்டோஸ் சிடியைப் போட்டு, கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களைச் சரிசெய்தான். மிச்சமிருந்த ஒரே ஆன்டிவைரஸை ஸ்கேன் ஓடவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான். பக்கத்துச் சிற்பக் கூடத்தில் காலையிலிருந்து உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டொக்... டொக்...

பன்னிரண்டு பத்துக்கு அது நின்றது. சாப்பாட்டு நேரம். தெருவில் ஈ காக்கை இல்லை.

அப்போது ஸ்கேனும் நின்றது. ஒரே ஒரு ஃபைலில் வந்து நின்றது.

கிரிதரின் குரல்.

நீளம், ஐம்பத்திரண்டு வினாடி.

ஜான்சன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். ஐம்பத்திரண்டுதான். போட்டுப் பார்த்தான். "அம்மா, தளிகை ஆச்சா?" குரல் கேட்டதும் சௌந்தரவல்லி ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"சரி, போயிட்டு வரேம்மா."

அங்கே முடிய வேண்டும்.

முடியவில்லை.

கேட் திறக்கும் சத்தம்... க்ரீச்...

செருப்புச் சத்தம்... உள்ளே வருகிறது...

நின்றது.

பிறகு ஒரு பெண் குரல்.

"இருடா... நானும் வரேன்."

பட்டாபிராமன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீ எப்போ பேசினே?"

"நான் பேசலையே."

சௌந்தரவல்லியின் முகத்தில் பயம் துளியும் இல்லை. சிரித்தார். ஜான்சன் ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தான். அன்றைய தேதிதான். 12:10.

மைக் அவன் பையில் இருந்தது.

"அம்மா, இத்த அழிச்சிர்லாமா?"

"தொடாதே."

சௌந்தரவல்லி அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாராம். பக்கத்தில் இன்னோர் இலையும் போட்டாராம். சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடும் முன் வாசலைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னார். குரலும் அதேதான் என்றார் பட்டாபிராமன்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் ஜான்சனின் கடைக்கு வந்தார். வீட்டிலிருந்த பதிவு மறுபடி நாற்பது வினாடியாகிவிட்டதாம்.

"அவ குரல் அதுல இல்லை ஜான்சன். உன் சிடியிலே இருக்கா, பாரேன். ஒரே ஒரு தடவை கேட்டுட்டாப் போதும்."

இருக்க வழியில்லை. அது ரிப்பேருக்கு முன்பே எழுதியது. அந்த வகை சிடியில் ஒரு முறை எழுதி மூடிவிட்டால் மேற்கொண்டு எதையும் எழுத முடியாது. கிழவரின் மனசுக்காக உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போட்டான்.

ஒரு நிமிஷம் ஐந்து வினாடி.

கிரிதர் பேசினான். கேட் திறந்தது. "இருடா... நானும் வரேன்."

அதற்கு மேலும் ஓடியது.

செருப்புச் சத்தம்...

இரண்டு ஜோடி.

நின்றது.

"ஏன்னா... நீங்களும் கிளம்புங்கோ."

ஜான்சன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். வெளியே பெஞ்சிலிருந்து கிழவர் கேட்டார். "இருக்கா?"

"இல்ல சார். சிடி கெட்டுப்பூட்ச்சி."

ஜான்சன் பொய் சொன்னது அந்த ஒரு முறைதான். அவரோ விடுவதாயில்லை, வாராவாரம் பஸ் ஏறி வந்து, சிடியைச் சரிசெய்தாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போகிறார். சிடியை உடைக்கவும் அவனுக்குக் கை வரவில்லை. போன வாரம் கிழவர் போன பிறகு நீளத்தை மட்டும் பார்த்தானாம்.

இன்னும் பன்னிரண்டு வினாடி கூடியிருந்தது.