சந்தனத்துக்கு அடியில்

திருத்தணி சென்னைப் பக்கம் போகுமா, ஆந்திராவிலேயே இருக்குமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். நகரியில் கொல்லுப் பட்டறை போடுவதற்காக அக்கா தன் வளையல்களை விற்றிருந்தார். இரும்பை வைத்து அடிக்கும் பழைய பட்டடைக்கல் ஒன்றைப் பார்க்க, ஆயுதபூஜைக்கு மறுநாள் அக்கா, மாமா, நான் மூவரும் புத்தூர் போனோம். கல்லின் தலை முழுக்கச் சந்தனமும் குங்குமமுமாக இருந்தது.

தட்டி ஓசை பார்க்க மாமா சுத்தியை எடுத்தார். "பூஜை போட்ட கல்லு நைனா, மறுபூஜை ஆகாம அடிக்கக் கூடாது" என்றார் விற்பவர். மாமாவும் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மாமா பணத்தை எடுத்தார்.

அக்கா செம்புத் தண்ணீரைக் கல்லில் ஊற்றி முந்தானையால் துடைத்தார். "சாமியைக் குளிப்பாட்டினா கோச்சுக்குமா?" சந்தனம் கரைந்ததும் குறுக்கே நீள விரிசல் தெரிந்தது.

"பழசுன்னா அப்படித்தாம்மா இருக்கும்."

"அப்போ நீயே பூஜை பண்ணிக்கினு இரு."

அந்தக் குரலை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. பழைய சாமான் எதுவானாலும் இப்போது கழுவிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கும்பிடுவதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.