அவள் பார்த்த ஏரி

லடாக் போக வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஆசைப்பட்டவள் நான் ஒருத்திதான். மோட்டார் சைக்கிளில் அங்கே போய்வரும் பையன்கள் போடுகிற வீடியோக்களை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று விடாமல் பார்ப்பேன். எந்தக் கணவாயில் எப்போது பனி விலகும், எந்த மடாலயத்தில் புத்தர் இரண்டு மாடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார், எந்த ஏரி மதியத்துக்கு மேல் நிறம் மாறும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

என் கணவரும் அவர் தம்பியும் சிவகாசியில் கூட்டாக அச்சகம் நடத்துகிறார்கள். பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும்தான் தொழில். ஆர்டர், லோடு என்று வருஷம் முழுக்க ஓடுகிற மனிதரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. சம்மதித்தவர், "தம்பியையும் அவன் வீட்டுக்காரியையும் கூட்டிட்டே போவோம். நாம மட்டும் போனா நல்லாயிருக்காது" என்றார்.

தம்பியின் மனைவிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, லடாக் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. பக்கத்தில் விஸ்வநத்தத்துக்காரி. மார்கழி மாதக் காலையில் காதில் துணி கட்டிக்கொண்டு கோலம் போடுகிறவள்.

"அங்கன ரொம்பக் குளிருமாமேக்கா. சோறு கிடைக்குமா?" என்று கேட்டாள். சூட்கேஸில் பாதிக்கு சாத்தூர் சேவும் பருப்புப் பொடியும் எடுத்துவைத்தாள். நான் தினமும் காலையில் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெம்பக்கோட்டை அணைக் கரைக்குப் போய் மூச்சு வாங்க ஏறி இறங்கினேன். மதுரையில் கடைகடையாக அலைந்து, இறகு அடைத்த சிவப்புக் கோட்டு ஒன்று வாங்கினேன்.

லடாக்கின் பெரிய ஊரான லேயில் விமானம் இறங்கிய அன்று சாயங்காலமே எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. மறுநாள் காலையில் வாந்தி. தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்தார்கள். கணவாய் ஏறுவது, ஏரிக்குப் போவது எல்லாம் கூடவே கூடாது, லே ஊரிலேயே படுத்திருக்க வேண்டும், தேறாவிட்டால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும் என்றார். நான் நடந்த நடையைப் பற்றி என் கணவர் அவரிடம் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது மலை உயரத்தில் காற்று குறைவதால் வருவது, உடம்பு வாகு, யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அறைக்குத் திரும்பியபோது என் ஓரகத்தி ஜன்னல் ஓரத்தில் நின்று சேவு தின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமே செய்யலையேக்கா. நம்மூரு மாதிரிதான இருக்கு."

அவள் அதைக் கவலையாகத்தான் சொன்னாள். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மறுநாள் நால்வரும் கணவாய்க்கு அந்தப்புறமுள்ள மணல்மேட்டுப் பள்ளத்தாக்குக்குப் போவதற்கு வண்டி பேசியிருந்தோம். "நான் அக்கா கூட இருந்துக்கிடுதேன், மத்தவங்க போயிட்டு வாங்க" என்று அவள் சொன்னாள். "நீ போ. வண்டி சொல்லியாச்சு, அவுக என்னைப் பாத்துக்கிடுவாக" என்றேன். இன்னொரு தரம் அவள் வற்புறுத்தியிருந்தால் சரியென்றிருப்பேன். அவள் ஷூவை மாட்டப் போய்விட்டாள். கதவுவரை போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, உங்க கோட்டைத் தாரீகளா? என்னது மேல பத்தாதுன்னு டிரைவர் சொல்லுதாரு."

கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

அன்று முழுக்கக் கட்டிலில் கிடந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு வாதுமை மரமும் அதற்கு அப்பால் ஒரு மொட்டை மலையும் தெரிந்தன. என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். போனில் படங்கள் வரத் தொடங்கின. கணவாயில் பனிச்சுவருக்கு முன்னால் அவள். வெள்ளை மணல்மேட்டில் அவள். இரட்டைத் திமில் ஒட்டகத்தின் மேல், பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவள். எல்லாப் படத்திலும் என் கோட்டு. எனக்கு இல்லாத மூச்சு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒரு சின்னத் தலைவலியாவது அவளுக்கு வராதா என்று நினைத்தேன். வரவில்லை.

கொஞ்சம் தேறியதும், லே ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு மடாலயத்துக்குப் போய்வர டாக்டர் அனுமதித்தார். மெதுவாக ஏறச் சொன்னார். பாதிப் படியில் நெஞ்சு படபடவென்று அடிக்க, உட்கார்ந்துவிட்டேன். உள்ளூர்க் கிழவி ஒருத்தி கையில் பிரார்த்தனைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, முணுமுணுப்பு நிற்காமல் என்னைத் தாண்டி ஏறிப்போனாள். அவளைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது. மேலே கொம்பு வாத்தியம் முழங்கியது. எருமை கனைப்பது போலத் தாழ்ந்த நெடிய ஓசை. கீழே பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி மட்டும் பச்சைக் கோடு போட்டது போல வயல்கள். அதுவரை நான் பார்த்ததிலேயே அழகான இடம் அதுதான். ஆனால் என் கண் நான் ஏறாத படிகள்மேலேயே இருந்தது.

எனக்கு முன்னால் ஏறிப்போயிருந்த என் ஓரகத்தி இறங்கி வந்தாள். "சாமியாருங்க வரிசையா உக்காந்து ஓதுதாக. எனக்கும் ஒரு கிண்ணம் டீ ஊத்துனாங்க. உப்பும் வெண்ணெயுமா இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சுக்கா."

வெண்ணெய் டீயை யாராலும் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியாது என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். இவள் கிண்ணத்தைக் காலி செய்திருக்கிறாள்.

ஏரிக்கும் கொழுந்தனும் அவளும்தான் போனார்கள். அங்கேயே தங்கி மறுநாள் வந்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்து, "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"சொல்லத் தெரியலக்கா" என்றாள். அதோடு சரி. வாய் ஓயாமல் பேசுகிறவள் முகம் கழுவிவிட்டுப் படுத்துவிட்டாள். எனக்குத் தரக்கூடாது என்று எதையோ பொத்தி வைத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஊருக்கு வந்தபின் ஆடிப்பெருக்கன்று வெளியிடும், அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போடும் வேலை தொடங்கியது. என் கொழுந்தன், தன் மனைவி போனில் எடுத்த ஏரிப் படத்தை ஆல்பத்தில் சேர்த்துவிட்டார். படங்களின் நிறத்தைச் சரிபார்ப்பது அச்சகத்தில் என் வேலை.

"நீலம் கூடுதலா இருக்கு. யாரும் நம்ப மாட்டாக. குறைக்கச் சொல்லுங்க" என்றேன்.

"பாத்தவகிட்ட ஒரு வார்த்தை கேளு" என்றார் என் கணவர்.

அது எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் கூப்பிட்டேன். அவள் வந்து மாதிரித் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது காலையில உள்ள நீலம். இதைக் குறைக்காதீகக்கா. நாங்க போயி இறங்குனப்ப பச்சையா இருந்துச்சு, பாசிப்பயறுத் தோல் இருக்குல்லா, அந்தப் பச்சை. மேகம் வந்ததும் சிலேட்டுக் கணக்கா ஆயிருச்சு. கிட்டப் போயி கையில அள்ளுனா ஒரு நிறமும் இல்ல, நம்ம குழாத்தண்ணி மாதிரி இருக்கு. நான் அழுதுட்டேன். ஏன்னு தெரியல."

"இதை அங்கனயே ஏன் சொல்லல?"

"நீங்க கட்டில்ல கிடந்தீக. உங்ககிட்ட நான் எப்படிக்கா சொல்லுவேன்?"

நீலத்தைக் குறைக்காமல் விட்டேன். ஆனால் மனது ஆறவில்லை. நான் போயிருந்தால் எந்த மணிக்கு எந்த நிறம் என்று சரிபார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். ஒன்றுமே தெரியாமல் போனவள் அழுதிருக்கிறாள். அவள் போட்ட என் கோட்டையும் ஏறிய கணவாயையும் விட, அந்த அழுகைதான் என்னை அதிகம் வதைத்தது.

தையில் விருதுநகரில் என் அண்ணனின் வத்தல் கடைக்குப் போயிருந்தபோது, அந்தக் காலண்டர் கல்லாவுக்கு மேல் தொங்கியது. "நீ போயிட்டு வந்த எடம்தானம்மா இது?" என்று அண்ணன் கேட்டார். "போனேன். இதை நான் பாக்கல, அவதான் பாத்தா" என்றேன். அவர் விடாமல் கேட்கவே, பச்சையில் தொடங்கி சிலேட்டு நிறம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று கேட்டார்கள். காலண்டருக்கு முதுகைக் காட்டி நின்றுதான் சொன்னேன். துக்கமா, வயிற்றெரிச்சலா என்று எனக்கே தெரியவில்லை.

விமானத்தில் போகாமல் சாலை வழியாக, அங்கங்கே தங்கித் தங்கி ஏறினால் உடம்பு பழகிவிடலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். வரும் ஆனியில் போக ஏற்பாடு செய்துவிட்டேன். போன வாரம் துணி காயப்போடும்போது என் ஓரகத்தி மெல்லக் கேட்டாள்.

"நானும் வரட்டாக்கா? அந்த ஏரியை இன்னொரு தரம் பாக்கணும் போல இருக்கு."

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். இன்னும் சொல்லவில்லை.