நம்ம ஆளுக்குக் கடைசி இடம்

மலேசியாவில், கெடா மாநிலத்துச் சிறைச்சாலை ஒன்றின் கிளினிக்கில் பதினொரு வருடமாக மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், சொறி, பல்வலி, தைக்க வேண்டிய மண்டை எல்லாம் என் தலையில். கைதிகள் என்னையே டாக்டர் என்பார்கள். நான் திருத்துவதில்லை, கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வரிசையின் நடுவில் இருந்த ஒரு தமிழ்க் கைதியை முதலில் உள்ளே கூப்பிட்டேன். கையில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது, அதனால் கூப்பிட்டேன். காவலுக்கு நின்ற வார்டர், "உங்க ஆளுன்னா முதல்லயா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. சிறையில் வேலை பார்ப்பவன் கைதிக்குச் சலுகை காட்டினான் என்று பேச்சு கிளம்பினால் போதும், நாளைக்கு அவன்தான் போன் கடத்தினான் என்பார்கள். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லையாம். சும்மா சொல்கிறார்கள். என் மடியில் ஒன்றுமே இல்லை, பயத்துக்கு மட்டும் குறைவில்லை.

அன்றிலிருந்து நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். தமிழர்களைக் கடைசியில்தான் பார்ப்பேன். அவர்களோடும் மலாயில்தான் பேசுவேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இங்கே வேலை பார்க்கும் மற்ற இரண்டு தமிழர்களும் இதையேதான் செய்தார்கள், ஆனால் நாங்கள் இதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. மனசுக்குள் இதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன். பெரிய நேர்மை.

அப்படி நான் கடைசியில் பார்த்தவர்களில் ஒருவர் செமிலிங் பக்கத்துக்காரர், லோரி ஓட்டியவர். ஓர் அடிதடி வழக்கில் உள்ளே வந்து, விடுதலைக்கு எட்டு மாதம் மீதமிருந்தது. சர்க்கரை வியாதிக்கு, எங்கள் பேச்சில் இனிப்புநீருக்கு, மாத்திரை வாங்கக் கிளினிக்குக்கு வருவார். அவருடைய அப்பாவும் என் அப்பாவைப் போல ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான். ஒருநாள் அதைச் சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மாத்திரையை நீட்டி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பிறகு ஒருநாள் காலை வரிசையில் பதினான்கு பேர். அவர் நான்காவது ஆள். வாசலில் நின்றபடியே, "அண்ணே, நெஞ்சு எரியுதுண்ணே. கேஸ்திரிக் போல லா, தாடை வரைக்கும் இழுக்குது" என்றார். பெஞ்சில் போய் உட்காரும்படி மலாயில் சொன்னேன். அவருடைய முறை வந்தபோது, அவரை விட்டுவிட்டு ஐந்தாவது ஆளைக் கூப்பிட்டேன். அந்த ஐந்தாவது ஆள் ஒரு மலாய்க்காரர். உள்ளே வந்தவர், "என்னை அப்புறம் பாருங்க துவான், அவருக்கு உடம்பெல்லாம் வேர்க்குது" என்றார். வார்டர் என்னைப் பார்த்தார். "யாரை எப்போ பார்க்கணும்னு எனக்குத் தெரியும்" என்று அதட்டினேன்.

எனக்கு என்ன தெரிந்தது? இனிப்புநீர்க்காரனுக்கு மாரடைப்பு நெஞ்செரிச்சல் மாதிரியும் வரும் என்று படித்துத் தேர்வு எழுதி வந்தவன் நான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவரைக் கூப்பிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தார். இசிஜி தாள் பாதி வெளியே வரும்போதே மாரடைப்பு என்று தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ், கூடப் போக வார்டர்கள், விலங்கு, கேட்டில் கையெழுத்து என்று மேலும் நேரம் போனது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்து, "அண்ணே, எம்மேல ஏதும் கோவமா?" என்று கேட்டார். நான் அவர் கையை விடுவித்து, ஸ்ட்ரெச்சரின் பட்டையை மாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, கால் கட்டிலோடு விலங்கில் பூட்டியிருக்க, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

விசாரணை நடந்தது. அவர் வந்த நேரம், நான் பார்த்த நேரம் எல்லாம் பதிவேட்டில் இருந்தன. அன்றைக்கு ஆள் அதிகம், முறைப்படிதான் நடந்திருக்கிறது என்று எழுதி மூடிவிட்டார்கள். யாராவது ஒருவர் என் சட்டையைப் பிடித்துக் கேட்கமாட்டாரா என்று அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

அவருடைய துணிமணிகளை வாங்கிக்கொள்ள மனைவி வந்தார். தொழிற்சாலை வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், சீருடையை மாற்றவில்லை. அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு, மருந்து விவரத்தை அவருக்குச் சொல்லச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னே அவர் பேசினார்.

"நீங்கதானா அண்ணே? பார்க்க வரும்போதெல்லாம் உங்களப் பத்திச் சொல்வாரு. உள்ள நம்ம ஆளு ஒருத்தரு டாக்டரா இருக்காரு, எனக்கு ஒண்ணும் ஆவாது, நீ பயப்படாதன்னு சொல்வாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வலின்னு வந்ததும் பார்த்தீங்கதானே அண்ணே? காக்க வைக்கலதானே? அத மட்டும் சொல்லுங்க, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"இல்லம்மா. வந்த உடனே பார்த்துட்டேன்" என்றேன்.

அவர் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நின்றேன்.